தனக்குத் தானே உதவியாளர்

மனித உழைப்புக்கு உரிய மரியாதையை முதன்முதலில் உருக்கி, அச்சில் வார்த்து, மெருகேற்றி, வெல்வெட் பெட்டியில் அடைத்து உலகுக்கு வழங்கிய நிறுவனம் தங்களுடையதே என்று கேடயத் தொழிலகத்தின் ஆண்டறிக்கை முதல் பக்கத்திலேயே முழங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை. கோப்பை, கேடயம், பதக்கம், பட்டயம் என்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் மரியாதைகள் அங்கிருந்து வெளியே போயின. அவற்றில் ஒன்றுகூட வேலைக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு போய்விடாதபடி, மாலையில் காவலாளி ஒவ்வொருவர் பையையும் உதறிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

தட்டையான தகடுகளில் எழுத்து வெட்ட அங்கே இயந்திரம் உண்டு. ஆனால் கோப்பையின் வயிறு வளைந்தது. வளைவில் இயந்திரத்தின் ஊசி வழுக்கும். அதற்குக் கைதான் வேண்டும். அந்தக் கை மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையில், மணல் அடைத்த தோல் தலையணையில் கோப்பையைக் கிடத்தி, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தது. கைக்குரியவரை எல்லோரும் 'உளி' என்று கூப்பிட்டார்கள். மரியாதை தயாரிக்கிற இடம் என்பதால் நாம் 'உளியார்' என்றே சொல்வோம்.

மாடிப்படியில் யார் ஏறினாலும் உளியாரின் தலையில் தூசி விழும். எந்தச் செருப்பு யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்கும்போது மட்டும் கை தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் வெட்டினால் கோடு கோணலாகும் என்பது அனுபவம்.

உளியாரின் மனைவி பால் பண்ணையில் பொட்டலம் அடுக்கினாள். விடியற்காலை நாலரையிலிருந்து மதியம் வரை, ஈரத் தரையில், குளிர் அறையில், பட்டையில் ஓடி வரும் பொட்டலங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் வைக்க வேண்டும். எல்லாம் நின்றபடிதான். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்து, இரண்டு கால்களிலும் வேர் விட்டது போல் இருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலையை உடனே விட்டுடுங்க. இல்லாட்டி கால்ல புண்ணு வந்துரும்" என்றார்.

"எங்க வீட்ல உக்கார்ற வேலைக்கு ஒருத்தர் போறாரு டாக்டர். அவர் சம்பளம் எந்திரிச்சா நான் உக்காந்துருவேன்" என்றாள் அவள்.

விஷயம் அவ்வளவுதான். உளியாரின் சம்பளம் பாதி ஏறினால் அவள் பால் பண்ணையை விடலாம். அது ஆறு வருடமாக அங்குலம்கூட நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பதற்கு ஒரு பெயர்ப்பலகை காரணம்.

ஆறு வருடத்துக்கு முன்பு மேலாளர் புதிதாக வந்தபோது கொடுத்த முதல் உத்தரவு, தன் மேஜைக்கு ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை. தாளில் பெயருக்குப் பின்னால் ஏழு பட்டங்கள் எழுதியிருந்தார். பலகையோ ஒரு சாண் நீளம். உளியார் தாளை எடுத்துக்கொண்டு மேலே போனார். அறையில் கணக்கரும் இரண்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள்.

"சார், இடம் பத்தாது. இதுல எதை விட்டாப் பரவாயில்ல?"

"எதையும் விட முடியாது. எல்லாம் வாங்கினது."

"இல்ல சார், இந்தக் கடைசிப் பட்டம்... இது நம்ம சரக்குதானே? நான்தான் வெட்டினேன். ரெண்டு நாள் முகாமுக்கு வந்தவங்க எல்லாருக்கும் சாப்பாட்டு டோக்கனோட சேர்த்துக் குடுத்தாங்களே, அதுதானே?"

தொழில் நேர்மையோடு கேட்ட கேள்வி. வாடிக்கையாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். உளியாரும் விவரம் தெரியாமல் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஆறு வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

மேலாளர் கத்துகிறவர் அல்ல. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவர் படிவம் கொடுக்கிறவர். வந்த வருடமே 'தகுதி மதிப்பீட்டு முறை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஐந்து படிகள்: சிகரம், உச்சம், உயர்வு, வளர்ச்சி, விதை. யாரையும் கடைசி என்று சொல்லிப் புண்படுத்தக் கூடாது என்பதால் கடைசிக்கு 'விதை' என்று பெயர். 'வளர்ச்சி'யிலிருந்து மேலே உள்ளவர்களுக்குச் சம்பளம் ஏறும். விதைக்கு ஒரு வாழ்த்துமடல் வரும்.

உளியாருக்கு ஆறு வாழ்த்துமடல்கள் வந்திருந்தன. ஆறாவதை எடுத்துக்கொண்டு மனிதவளத் துறைக்குப் போனார். அங்கிருந்த அதிகாரியை எல்லோரும் 'வளம் மேடம்' என்பார்கள். எதற்கும் கோபப்படாத பெண்மணி. கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதை இனிமையாகத் திருப்பிச் சொல்வது அவர் வேலை.

"ஆறு வருஷமா விதையாவே இருக்கேன் மேடம். நிஜ விதையா இருந்தா இந்நேரம் மக்கிப் போயிருக்கும்."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு பிரிவுலயும் ஒருத்தராவது விதையா இருந்தே ஆகணும். அது விஞ்ஞானம்."

"கைப்பொறிப்புப் பிரிவுல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அதனாலதான் உங்க பிரிவுல மட்டும் தேர்வு ரொம்ப சுலபமா முடிஞ்சிருது."

உளியார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப என் பிரிவுல முதல் ஆள் யாரு மேடம்?"

வளம் மேடம் கம்ப்யூட்டரைத் தட்டினார். "அதுவும் நீங்கதான்! வாழ்த்துகள். ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டு படி வந்தா, எது கம்மியோ அதைத்தான் எடுத்துக்கும்."

"யாரு எடுத்துக்கும்?"

"அதுவே எடுத்துக்கும்."

கையில் ஏழாவதாக ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். ஊழியர் மனநிறைவுக் கருத்துக்கணிப்பு. மனம் திறந்து எழுதலாம், ரகசியம் காக்கப்படும், பெயர் எழுதத் தேவையில்லை, பிரிவை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

உளியார் மனம் திறந்தார். பிரிவு: கைப்பொறிப்பு. மனநிறைவு உண்டா: இல்லை. காரணம்: சம்பளம்.

மறுநாள் காலை எல்லோரையும் முற்றத்தில் கூட்டி மேலாளர் பேசினார். "எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விரும்பலை. ரகசியம்னா ரகசியம்தான். ஆனா கைப்பொறிப்புப் பிரிவுல நூத்துக்கு நூறு பேர் அதிருப்தியில இருக்காங்க. ஒரு பிரிவு முழுக்க அதிருப்தின்னா என்ன அர்த்தம்? தலைமை சரியில்லைன்னு அர்த்தம். அந்தப் பிரிவுக்குத் தலைவர் யாரு?"

நூற்று நாற்பது தலைகள் உளியார் பக்கம் திரும்பின. ஒரே ஆள் உள்ள பிரிவில் அந்த ஆளே தலைவர் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. மாலையில் ஓலை வந்தது: தன் கீழ் பணிபுரியும் ஊழியரை மனநிறைவோடு வைத்துக்கொள்ளத் தவறியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

"விளக்கம் எழுதிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். காலை வாளி வெந்நீரில் வைத்திருந்தாள்.

"எழுதிட்டேன். இனிமே அந்த ஊழியரைக் கண்டிச்சு வைக்கிறேன்னு எழுதிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "உங்க ஆளுங்க ஊருக்கெல்லாம் கோப்பை குடுக்கறாங்க. குடிக்கிற கோப்பைல இருக்கிறதைப் பிடுங்கித்தான் குடுக்கறாங்க போல" என்றாள்.

அடுத்த வாரம் தொழிலகத்தின் வாசலில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. கைப்பொறிப்புப் பிரிவுக்கு உதவிப் பொறிப்பாளர் தேவை. வளைந்த பரப்பில் கையால் எழுத்து வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாண்டு அனுபவம் போதும். கீழே தடித்த எழுத்தில் சம்பளம் போட்டிருந்தது. உளியார் அதைத் தன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அவர் வாங்குவதைப் போல் ஒன்றரை மடங்கு.

நேரே வளம் மேடத்திடம் போனார்.

"மேடம், எனக்கு உதவிக்கு வர்ற ஆளுக்கு என்னைவிடச் சம்பளம் ஜாஸ்தியா?"

"புதுசா வர்றவங்களுக்குச் சந்தை நிலவரப்படி குடுத்தாகணும். இல்லாட்டி வரமாட்டாங்களே."

"எனக்கு?"

"உங்களுக்கு விசுவாச நிலவரம்." வளம் மேடம் குரலைத் தாழ்த்தி அன்பாகச் சொன்னார். "நீங்க எங்கயும் போகமாட்டீங்கன்னு நிர்வாகத்துக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு விலை போட முடியுமா?"

போடாமல்தான் இருந்தார்கள். உதவியாள் எதற்கு என்பதும் உளியாருக்குப் புரியாமல் இல்லை. வருகிற ஆள் ஆறு மாதத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் தலையை மாற்றிவிடலாம். வெட்டப்போகும் கத்தியைத் தீட்டித் தரும் வேலையும் ஆட்டுக்கே கொடுக்கப்பட்டிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்த வேலைக்கு நீங்களே மனு போடுங்க."

"எந்த வேலைக்கு?"

"உங்களுக்கு உதவியாளா இருக்கிற வேலைக்கு. பதினேழு வருஷமா நீங்கதானே உங்களுக்கு ஒத்தாசை பண்ணிக்கிறீங்க? அதுக்குக் காசு வரட்டுமே."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க சிரிக்கறதால என் கால் ஒண்ணும் கூட வீங்கிடாது" என்றாள்.

மனு போட்டார். வேறு யாரும் போடவில்லை. வளைந்த வயிற்றில் கையால் வெட்டத் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்பதைச் சந்தை நிலவரம் போட்டவர்கள் விசாரிக்க மறந்திருந்தார்கள்.

நேர்காணல் மேலாளரின் அறையில். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். ஒன்றில் மேலாளர், ஒன்றில் வளம் மேடம். மூன்றாவது காலி. மேஜைக்கு இந்தப் பக்கம் முதுகு சாய இடமில்லாத ஒரு முக்காலி. உளியார் முக்காலியில் உட்கார்ந்தார்.

மேலாளர் தாள்களைப் புரட்டினார். "நேர்காணல் குழுவுல துறை வல்லுநர் ஒருத்தர் இருக்கணும். அவர் மதிப்பெண் போடாம யாரையும் எடுக்க முடியாது. வல்லுநர் ஏன் இன்னும் வரலை?"

வளம் மேடம் பட்டியலைப் பார்த்தார். "வந்துட்டார் சார். எதிர்ல உக்காந்திருக்கார்."

மேலாளர் கண் இமைக்கவில்லை. விதி என்று வந்துவிட்டால் அவருக்கு எதுவும் விசித்திரமில்லை. "அப்ப அங்க போய் உக்காந்து கேள்வியக் கேளுய்யா. அப்புறம் இங்க வந்து பதில் சொல்லு. நேரமாகுது."

உளியார் மேஜையைச் சுற்றிப் போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மெத்தை வைத்த நாற்காலி. அந்தக் கட்டடத்தில் பதினேழு வருடத்தில் மெத்தையில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. கோப்பைகளுக்கு மட்டும்தான் அவர் தலையணை போட்டு வைத்திருந்தார்.

"வளைஞ்ச வயித்துல நேர்க்கோடு எப்படி வெட்டுவீங்க?" என்று காலி முக்காலியைப் பார்த்துக் கேட்டார். எழுந்து சுற்றி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "கையை அசைக்கக் கூடாது. கோப்பையத்தான் அசைக்கணும். மூச்சு வெளிய விடும்போது வெட்டணும்." எழுந்து சுற்றிப் போனார். பத்துக்குப் பத்து போட்டார். வளம் மேடம் கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமுமாகக் குறித்துக்கொண்டார்.

நான்கு கேள்வி இப்படிப் போனது. சுற்றிச் சுற்றி நடந்ததில் உளியாருக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவது கேள்வி, அவரே எதிர்பாராமல் வந்தது.

"பதினேழு வருஷமா ஒரே இடத்துல இருந்திருக்கீங்க. இத்தனை கம்மியாக் குடுத்தும் ஏன் போகலை?"

சுற்றி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் மனைவி எட்டு மணி நேரம் நின்று முடித்துவிட்டு, பேருந்திலும் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வருவாள் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் கூட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"பதில் வல்லுநருக்குத் திருப்திதானா?" என்று மேலாளர் கேட்டார்.

உளியார் எழுந்து போய், மெத்தையில் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்கு மட்டும் சைபர் போட்டார்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"இதப் பாருய்யா. எனக்கு உன் மேல தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது. வெறுப்புங்கிறது ஒரு உணர்ச்சி. இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும். அதை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்த முடியாது. அதனால நான் அதை ஒரு நடைமுறையா மாத்தியிருக்கேன். இனி நான் இல்லாட்டியும் அது நடக்கும். ரெண்டாவது, உனக்குச் சம்பளம் கூட்டினா என்ன ஆகும்? இப்ப நீ வேலையை நேசிக்கிறே. கூட்டினா சம்பளத்தை நேசிக்க ஆரம்பிச்சிருவே. உன் வேலைப்பற்றைக் காப்பாத்தறதுக்காக நான் எவ்வளவு கஷ்டப்பட்டு உனக்குக் கம்மியாக் குடுத்துட்டிருக்கேன் தெரியுமா?"

வளம் மேடம் 'வேலைப்பற்று' என்று குறித்து அடிக்கோடிட்டார்.

"என் சம்சாரத்துக்குக் கால்ல நரம்பு சார்" என்றார் உளியார். "அவ நிக்கிற வேலையை விட்டாகணும்."

"உன் சம்சாரம் எங்க ஊழியரா?"

"இல்ல சார்."

"அப்ப அவங்க கால் இந்தக் கூட்டத்தோட பொருள்ல வராது." மேலாளர் ஒரு தாளை உருவினார். "விண்ணப்பம் நிராகரிக்கப்படுது. காரணம்: விண்ணப்பதாரர் கடந்த ஆறு ஆண்டுகளா விதை. விதையா இருக்கிறவங்க முக்கியப் பிரமுகர்களுக்கான கோப்பையில கை வைக்கக் கூடாதுன்னு மதிப்பீட்டு விதி பதினாலு சொல்லுது."

"இதுவரைக்கும் நான்தானே சார் வெட்டினேன்?"

"அது நிர்வாகத்தோட கவனக்குறைவு. இனிமே நடக்காது."

அன்று மாலையே சுற்றறிக்கை பலகையில் ஏறியது. விதி பதினான்கு இன்று முதல் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும், மீறுகிறவர்கள் வேலைநீக்கம் செய்யப்படுவார்கள். கீழே மேலாளரின் கையெழுத்து, ஏழு பட்டங்களுடன்.

"அதுல ஒரு நகல் எடுத்து வெச்சுக்கங்க" என்றாள் மனைவி. காலில் சுற்றியிருந்த துணிப்பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "தொடாதேன்னா தொடாதீங்க. அவ்வளவுதான். நாம என்னைக்குப் பெரியவங்க பேச்சைத் தட்டியிருக்கோம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை உளியார் ஊருக்கு வெளியே இருந்த கல்லறைக் கல் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரம்மா அவர் கையில் ஒரு கல் துண்டைக் கொடுத்து நாலு எழுத்து வெட்டச் சொன்னாள். வெட்டி முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்ப வர்றீங்க?"

சம்பளம் சொன்னாள். தொழிலகத்தின் விளம்பரத்தில் போட்டிருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உளியார் தலையைச் சொறிந்தார். "ஒரு பதினஞ்சு நாள் டைம் குடுங்கம்மா. பதினேழு வருஷம் இருந்த இடம்."

இதைக் கேட்டதும் மனைவிக்கு வந்த கோபத்தில் வாளித் தண்ணீர் கூடம் முழுக்கச் சிதறியது. "பதினஞ்சு நாளா? யாரைக் கேட்டு நாள் குடுத்தீங்க? என் கால்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? செருப்பால அடிச்சவன் மறு செருப்பும் எடுத்துட்டு வரானான்னு பாக்கக் காத்திருக்கீங்களா?"

உளியாருக்கு ஒரு நப்பாசைதான். பதினேழு வருடம் ஏமாந்தது வீண் என்று ஒப்புக்கொள்ள மனிதனுக்குப் பதினைந்து நாளாவது வேண்டியிருக்கிறது. தரையைத் துடைத்தார்.

பன்னிரண்டாவது நாள் அந்த ஆர்டர் வந்தது. மேலாளர்கள் கூட்டமைப்பு வருடந்தோறும் தன் உறுப்பினர்களில் ஒருவருக்கு 'ஆண்டின் மனிதநேய மேலாளர்' விருது வழங்கும். உறுப்பினர்கள் பதினோரு பேர். முறை வைத்து வாங்கிக்கொள்வார்கள். இந்த வருடம் நம் மேலாளரின் முறை. இரண்டடி உயரக் கோப்பை, வயிற்றில் பெயரும் ஏழு பட்டங்களும் விருதின் பெயரும். மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு நகர மண்டபத்தில் விழா.

கோப்பை படிக்கட்டுக்கு அடியில் வந்தது. உளியார் அதைத் தொடவில்லை. ஆர்டர் தாளில் 'விதி 14' என்று எழுதி, கோப்பைமேல் துணியைப் போர்த்தி, பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடக் கோப்பைகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

விழா நாள், மதியம் மூன்று மணி. பெட்டிகளுக்கு வெல்வெட் ஒட்டி ரிப்பன் கட்டும் பெட்டியக்கா கோப்பையை எடுக்க வந்தாள். துணியை விலக்கினாள்.

"தம்பி, இது வயிறு வெறுமையால்ல இருக்கு?"

"விதி பதினாலு, அக்கா."

பெட்டியக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மேலே ஓடினாள். அடுத்த நிமிடம் படிக்கட்டில் அந்தச் செருப்புச் சத்தம் இரண்டிரண்டு படியாக இறங்கியது. தூசி கொட்டியது. மேலாளர் முதல் தடவையாகப் படிக்கட்டுக்கு அடியில் வந்தார். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்துகொண்டே கேட்டார்.

"என்னய்யா இது?"

"கோப்பை சார்."

"எழுத்து எங்க?"

உளியார் சுற்றறிக்கையின் நகலை எடுத்து நீட்டினார். "விதை கை வைக்கக் கூடாதுங்களே சார். நீங்க முக்கியப் பிரமுகர். கை வெச்சா வேலை போயிருமே."

"நான் சொல்றேன், வெட்டு!"

"வாயால சொன்னா விதி மாறாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? என்னை 'வளர்ச்சி'க்கு ஏத்துங்க. ஒரே ஒரு கையெழுத்து. வெட்டறதுக்கு எனக்கு நாப்பது நிமிஷம் போதும். அஞ்சு மணிக்குப் பெட்டி கட்டிரலாம்."

அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே நாற்பது நிமிடத்தில் முடித்திருப்பார். அழகாகவும் முடித்திருப்பார். உளி ஏற்கெனவே தீட்டித் தயாராக இருந்தது.

வளம் மேடம் மறுமதிப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். மேலாளர் பேனாவைத் திறந்தார். குனிந்த நிலையில், உளியாரின் மேஜையில் தாளை வைத்து, 'வளர்ச்சி' என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். பேனா தாளைத் தொட்டது. எடுத்தார். மறுபடி தொட்டது. எடுத்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. உளியார் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பேனா முனையைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதன் பின்னால் நரம்பு புடைத்த ஒரு ஜோடி கால்கள் நின்றுகொண்டிருந்தன.

மூன்றாவது தடவை எடுத்த பேனாவை மேலாளர் மூடிவிட்டார்.

"உனக்குச் சம்பளம் ஏத்தித்தான் நான் கௌரவம் வாங்கணும்னா, அப்படி ஒரு கௌரவம் எனக்கு வேண்டாம்" என்றார். ஆறு வருடத்தில் அவர் பேசிய ஒரே உண்மையான வாக்கியம் அதுவாக இருக்கலாம். உடனே பெட்டியக்கா பக்கம் திரும்பினார். "ஏற்கெனவே எழுத்து வெட்டின கோப்பை, இதே உயரத்துல எதாவது இருக்கா?"

"யாரும் வாங்காம விட்டுட்டுப் போன கோப்பை ஒண்ணு அலமாரியில இருக்குங்க. ஆனா அதுல..."

"எழுத்து பளிச்சுன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. தம்பி வெட்டினது. ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னா..."

"மேடையில இருக்கிறதை யாரும் எழுத்துக் கூட்டிப் படிக்கப்போறதில்ல. வாயை மூடிட்டு ரிப்பன் கட்டு."

பெட்டியக்கா வாயை மூடிக்கொண்டு ரிப்பன் கட்டினாள். அன்றைக்கு அவள் கட்டியதுபோல் அழகான முடிச்சு அதற்கு முன்பும் கட்டியதில்லை, பின்பும் கட்டவில்லை.

உளியார் சட்டைப் பையிலிருந்து இரண்டு வாரமாக மடிந்து கிடந்த விலகல் கடிதத்தை எடுத்து வளம் மேடத்திடம் கொடுத்தார். வளம் மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுல பிரிவுத் தலைவரோட பரிந்துரைக் கையெழுத்து வேணுமே" என்றார். உளியார் அங்கேயே நின்று பரிந்துரைத்தார். வாசலில் காவலாளி பையை உதறினார். பூதக்கண்ணாடி, சொந்த உளிகள் ஏழு, சுற்றறிக்கையின் நகல் ஒன்று. மரியாதை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை முதல் அவர் கல்லறைக் கல் பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கேயும் புகழ்மொழிகள்தான் வெட்ட வேண்டும். ஆனால் புகழப்படுகிறவர்கள் யாரும் எழுந்து வந்து மதிப்பீடு செய்வதில்லை. மனைவி அந்த மாதக் கடைசியில் பால் பண்ணையை விட்டாள். விட்ட மறுநாள் பழக்கத்தில் நாலு மணிக்கே விழித்து, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா பண்றே?" என்று கேட்டதற்கு, "உக்காந்திருக்கேன்" என்றாள். கால் இன்னும் சரியாகவில்லை. சில நரம்புகள் அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்பே உட்கார்ந்திருந்தால் தப்பியிருக்கலாமாம். தொழிலகத்தின் வாசலில் பொறிப்பாளர் தேவை என்ற விளம்பரம் இரண்டு மடங்கு சம்பளத்தோடு இன்னும் ஒட்டியிருக்கிறது.

விருது விழா குறித்த நேரத்தில் நடந்தது. மேலாளர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்தக் கோப்பை உண்மையில் எனக்குரியது அல்ல" என்று தழுதழுத்த குரலில் சொல்லி, அதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் பத்திரிகை அந்தப் படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கிப் போட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றும் சுத்தமாக, தெளிவாக, வளைவில் துளியும் வழுக்காமல் விழுந்திருந்தன.

கோப்பையில் 'சாக்கு ஓட்டம், மகளிர் பிரிவு, ஆறுதல் பரிசு' என்று எழுதியிருந்தது.